உழுதவர் கணக்குப் பார்த்தனர்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனை நம் பெரியோர் ஓர் ஆறுதல் மொழியாகவே சொல்லிவந்தனர். கணக்குப் பாராதே, பார்த்தால் மனம் உடைந்துபோகும், ஆகவே விதியே என்று உழுதுகொண்டிரு என்பதே அதன் உட்பொருளாகக் கொள்ளப்பட்டது. ஆனால் 1970-களின் இறுதியில் மகாராஷ்டிர மாநிலத்தில் உழுதவர்கள் உண்மையாகவே உட்கார்ந்து கணக்குப் பார்த்தனர். உழக்கும் மிஞ்சவில்லை என்று கண்டபின் மனம் உடைந்து வீடு திரும்பவும் இல்லை. ஏன் மிஞ்சவில்லை என்ற அடுத்த கேள்வியைக் கேட்டனர். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த கிளர்ச்சியின் வரலாற்றை நம் சங்க அன்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது யாரோ மராத்தியக் குடியானவர்களின் கதை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். மும்பையிலும் புணேயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்கள் அனைத்தும் சந்தையில் வாங்கி உண்ணும் குடும்பங்கள். ஊரில் சிலருக்குக் காணி நிலம் இருக்கலாம். இங்கே நமக்கு இருப்பது சமையலறை மட்டுமே. அந்தச் சமையலறையின் சௌகரியத்தை முன்னிட்டுத்தான் சர்க்கார் உழவன் சந்தையில் கைவைக்கிறது. ஆகையால் இந்த வழக்கில் நாமும் ஒரு கட்சிக்காரர்கள். எதிர்க்கட்சியின் நியாயத்தைக் கேட்டறிவது நம் கடமை.

சமையலறையும் சந்தையும்

வெங்காயத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதனைப் பெல்லாரி வெங்காயம் என்போம். இலங்கைத் தமிழர் பம்பாய் வெங்காயம் என்பர். பெயரிலேயே வெளியூர் மணம் வீசுகிறது. நம் பெண்மணிகள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் தேடி அலைந்து, அது அகப்படாத நாளில் மனமில்லாமல் வாங்கிவரும் இந்தப் பெரிய வெங்காயத்தில் பெரும்பங்கு விளைவது மகாராஷ்டிரத்தின் நாசிக், புணே, அகமத்நகர் வட்டாரங்களில்தான்.

ரபி பருவத்து வெங்காயம் மார்ச் முதல் மே வரை அறுவடையாகிறது. ஆண்டு விளைச்சலில் பெரும்பகுதி இதுவே; சேமித்துவைக்கத் தக்கதும் இதுவே. அடியிலும் பக்கத்திலும் காற்றுப் புகும்படி அமைத்த நீண்ட கொட்டகைகளில் இதனைப் பரப்பி வைக்கின்றனர். மராத்தியில் இந்தக் கொட்டகைக்குச் 'சால்' என்று பெயர். மும்பை அன்பர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. மனிதர் நெருக்கியடித்துக் குடியிருக்கும் சாலில் வாழ்ந்து பழகிய நமக்கு, வெங்காயத்துக்கும் ஒரு சால் உண்டு என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அதில் வேடிக்கை ஒன்றுமில்லை. மழைக் காலம் முழுவதும் அங்கே கிடக்கும் வெங்காயத்தில் ஒரு பகுதி அழுகும். ஒரு பகுதி முளைக்கும். எஞ்சியதும் காய்ந்து எடை குறையும். அந்த நஷ்டம் அத்தனையும் உழவனைச் சேர்ந்தது.

அறுவடைக் காலத்தில் விலை விழுந்து கிடக்கும். பழைய இருப்புக் குறைந்து, புதிய விளைச்சல் இன்னும் வந்துசேராத செப்டம்பர் முதல் நவம்பர் வரையில் விலை ஏறும். தன் நஷ்டத்தை ஈடுசெய்துகொள்ள உழவனுக்கு வாய்ப்பது அந்தச் சில வாரங்களே. அந்தச் சில வாரங்களில்தான் நகரத்தில் கூக்குரல் எழுகிறது, பத்திரிகைகளில் கேலிச் சித்திரம் வருகிறது, சர்க்காரும் விழித்துக்கொள்கிறது. ஏற்றுமதிக்குத் தடை, குறைந்தபட்ச ஏற்றுமதி விலை, 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் வியாபாரிக்குக் கையிருப்பு வரம்பு, மண்டிகளில் சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவுகள் பிறக்கின்றன. வங்காள தேசத்துக்கும் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகவேண்டிய மூட்டைகள் உள்ளூரில் தேங்கும். சரக்கை இருத்தி வைத்தால் குற்றம் என்று அஞ்சும் வியாபாரி, வாங்குவதையே குறைத்துக்கொள்வான். விலை சரியும். நகரம் நன்றி கூறும். உழவனோ, எட்டிய பழம் கைக்கு வருமுன் கிளையை வெட்டியதுபோல் திகைத்து நிற்பான்.

விலை ஏறும்போது தலையிடும் சர்க்கார், விலை விழும்போது ஏன் அதே விரைவுடன் தலையிடுவதில்லை? இந்த எளிய கேள்வியே கிளர்ச்சியின் வித்து.

பெர்ன் நகரிலிருந்து ஆம்பேட்டாணுக்கு

இந்தக் கேள்வியைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் சரத் ஜோஷி. 1935-இல் சாதாராவில் பிறந்த இவர், இந்திய அஞ்சல் பணியில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். பின்னர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள அகில உலக அஞ்சல் ஒன்றியத்தில் பணிபுரிந்தார். கைநிறையச் சம்பளமும் குறையில்லாத வாழ்வும் இருந்தன. 1977-இல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு, மனைவியுடனும் இரு பெண்களுடனும் இந்தியா திரும்பினார். புணே ஜில்லாவில் சாக்கண் என்னும் ஊருக்கு அருகே ஆம்பேட்டாண் கிராமத்தில் மானாவாரி நிலம் வாங்கிப் பயிரிடத் தொடங்கினார்.

அந்நிய நாட்டு அதிகாரி ஒருவர் மண்வெட்டி பிடிப்பதைக் கண்டு அக்கம்பக்கத்தார் சிரித்திருக்கக்கூடும். அவர் கையில் மண்வெட்டியோடு கணக்குப் புத்தகமும் இருந்தது. விதை, உரம், ஏர்க்கூலி, களைக்கூலி, சாக்கு, வண்டிச் சத்தம், மண்டித் தரகு என்று எல்லாவற்றையும் எழுதினார். அதுவரை குடியானவர் யாரும் எழுதாத சில இனங்களையும் சேர்த்தார். குடும்பத்தார் வயலில் செய்த வேலைக்குக் கூலி எங்கே? போட்ட முதலுக்கு வட்டி எங்கே? மழை பொய்த்த ஆண்டின் நஷ்டத்துக்கு ஒதுக்கீடு எங்கே? மனைவியும் தாயும் விடிந்தது முதல் இருட்டும் வரை உழைத்ததை யார் எழுதினார்கள்? இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், சந்தையில் கிடைக்கும் விலை செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது தெளிவாயிற்று. விளைச்சல் பெருகினால் நஷ்டமும் பெருகிற்று!

இதிலிருந்து அவர் கண்ட முடிவு பலருக்கு அதிர்ச்சி தந்தது. உழவன் ஏழையாயிருப்பது அவன் சோம்பலாலோ, அறியாமையாலோ, கலியாணச் செலவாலோ அன்று. விளைபொருளின் விலையைத் தாழ்த்தி வைப்பதே சர்க்காரின் கொள்கையாக இருப்பதால்தான் என்றார் அவர். ஒரே நாட்டுக்குள் 'இந்தியா' என்றும் 'பாரதம்' என்றும் இரண்டு நாடுகள் இருப்பதாகவும், முன்னதன் சௌகரியத்துக்காகப் பின்னது சுரண்டப்படுவதாகவும் சொன்னார். விவசாயிக்குச் சர்க்கார் எத்தனையோ மானியம் தருகிறதே என்போருக்கு, தாழ்த்தப்பட்ட விலையால் பிடுங்குவதைக் கழித்துப் பார்த்தால் அந்த மானியம் எதிர்மறையாகவே இருக்கிறது என்று விடை கூறினார்.

1979-இல் 'ஷேத்கரி ஸங்கடனா' தோன்றிற்று. ஷேத்கரி என்றால் உழவர். 'ஸங்கடனா' என்பது நம் செவிக்குச் சங்கடம்போல் ஒலித்தாலும், சங்கம் என்பதே அதன் பொருள். அதன் அங்கத்தினர் சட்டையில் குத்திக்கொண்ட வட்டமான சிவப்பு வில்லை விரைவில் மகாராஷ்டிரக் கிராமங்களில் எங்கும் தென்படலாயிற்று. பிச்சை வேண்டா, எங்கள் வியர்வைக்கு விலை வேண்டும் என்பது அவர்களுடைய முழக்கம். கடனைத் தள்ளு, அரிசி கொடு, நிவாரணம் கொடு என்று கையேந்தும் கிளர்ச்சிகளையே பார்த்துப் பழகிய அதிகாரிகளுக்கு இந்த முழக்கம் புதிதாக இருந்தது.

சாக்கண் சாலையும் நாசிக் சாலையும்

1980 ஜனவரியில், மலையடிவாரத்து வாந்த்ரே கிராமத்திலிருந்து சாக்கண் வரையில் நல்ல சாலை வேண்டுமென்று குடியானவர்கள் அறுபது கிலோ மீட்டருக்கு மேல் நடந்துவந்தனர். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுவர வழியில்லாதவனுக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? சாலை கேட்டு நடந்த அந்தக் கால்களே, இரண்டு மாதங்கழித்துச் சாலையை மறித்தன.

1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதித் தடையால் வெங்காய விலை சரிந்தது. சாக்கண் மண்டியில் கிலோ ஏறக்குறைய இருபது காசுக்கு வந்துவிட்டது. பறிக்கும் கூலிக்கும் அது காணாது. 1980 மார்ச்சில் குடியானவர்கள் புணே–நாசிக் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். ஜோஷி உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில், சர்க்கார் சார்புள்ள 'நாபெட்' என்னும் கூட்டுறவு நிறுவனம் கூடுதல் விலைக்கு வெங்காயம் வாங்க முன்வந்தது. பேசினால் கேளாத காது, சாலை நின்றதும் கேட்டது.

அதே ஆண்டு நவம்பரில் கிளர்ச்சி நாசிக் ஜில்லாவுக்குப் பரவிற்று. வெங்காயத்துக்குக் குவிண்டாலுக்கு 50 முதல் 70 ரூபாய் வரையிலும், கரும்புக்கு டன்னுக்கு 300 ரூபாயும் வேண்டுமென்பது கோரிக்கை. சாலை மறியலோடு ரயில் மறியலும் நடந்தது. ஆயிரக் கணக்கான குடியானவர் தாமே முன்வந்து கைதாயினர். சிறைகளில் இடம் போதவில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. அப்போது முதலமைச்சராக இருந்த ஏ. ஆர். அந்துலேயின் சர்க்கார் இறுதியில் விலையை உயர்த்த இணங்கிற்று. கட்சிக்காரர் எவரும் தலைமை தாங்காமல், வெங்காயம் விளைவித்தவனும் கரும்பு விளைவித்தவனும் சாதி பாராமல் ஒரே சாலையில் உட்கார்ந்தது மகாராஷ்டிர அரசியலுக்குப் புதிய காட்சியாயிற்று.

நம் தமிழகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. கோவைப் பகுதியில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்துக் கிளர்ந்தனர். 1972-இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகர வீதிகளை நிரப்பியதை மூத்த அன்பர்கள் நினைவு வைத்திருப்பர். வண்டி மாட்டின் பொறுமைகூட ஓர் ஆயுதமாகும் என்று அன்று தெரிந்தது. 1980-களில் இந்த இரு மாநிலத்து உழவர் தலைவர்களும் ஒரே மேடையில் அமரும் நிலை ஏற்பட்டது. நாயுடு 1984-இல் காலமானார்.

நிப்பாணியின் இருபத்து மூன்று நாட்கள்

கர்நாடக எல்லைக்குள், பெல்காம் ஜில்லாவில் நிப்பாணி என்னும் ஊர் உள்ளது. பீடிப் புகையிலைக்குப் பெயர் பெற்றது. அங்கே உழவனை ஒடுக்கியது சர்க்கார் உத்தரவு அன்று, வியாபாரிகளின் கட்டுப்பாடு. தரம் குறைவு என்றும் எடை குறைவு என்றும் சொல்லி அவர்கள் வைத்ததே விலை. 1981 மார்ச் 14-ஆம் தேதி புகையிலை விவசாயிகள் குடும்பத்தோடு வந்து புணே–பெங்களூர் நெடுஞ்சாலையில் தங்கினர். சாலையே ஊராயிற்று. அங்கேயே அடுப்பு மூட்டினர். அங்கேயே உண்டு உறங்கினர். இரவில் பஜனை நடந்தது. அந்தத் தங்குமிடத்துக்குக் 'கிளர்ச்சி நகர்' என்றே பெயரிட்டனர்.

இருபத்து மூன்று நாட்கள் இப்படிக் கழிந்தன. ஏப்ரல் 6-ஆம் தேதி போலீஸ் படை சாலையைத் 'துப்புரவு' செய்ய வந்தது. துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு விவசாயிகள் மாண்டனர். தாம் விளைத்த புகையிலைக்கு நியாயமான விலை கேட்டதைத் தவிர அவர்கள் வேறு குற்றம் செய்தவரல்லர்.

வியாபாரியின் அநீதிக்கு எதிராகச் சர்க்காரின் துணையை நாடும் குடியானவன், சர்க்கார் வியாபாரத்தில் புகுந்தால் சுகப்படுவானா? அதற்கும் மகாராஷ்டிரத்திலேயே சோதனை நடந்திருந்தது. 1972 முதல் அம்மாநிலத்தில் பருத்திக்கு ஏகபோகக் கொள்முதல் திட்டம் அமலுக்கு வந்தது. இடைத் தரகரிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றுவது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் விளைந்த பருத்தியைச் சர்க்கார் நியமித்த அமைப்பு ஒன்றுக்கே விற்கவேண்டும். வேறு எவருக்கும் விற்கக் கூடாது. மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகவும் கூடாது. அண்டை மாநிலத்தில் நல்ல விலை கிடைத்த ஆண்டில், தன் பருத்தியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லை கடந்தவன் கள்ளக் கடத்தல்காரன் ஆனான்! வாங்குபவர் பலர் இருந்தபோது ஒருவன் ஏமாற்றினால் இன்னொருவனிடம் போகலாம். வாங்குபவர் ஒருவரே ஆகி, அவரே போலீசையும் வைத்திருந்தால் போக்கிடம் ஏது? இந்தத் திட்டத்தை எதிர்த்து ஸங்கடனா ஆண்டுக் கணக்கில் போராடிற்று. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்த பின்னரே அந்தக் கட்டு அவிழ்ந்தது.

சாந்த்வட்டில் கூடிய பெண்கள்

இக்கிளர்ச்சியில் நம் மனத்தை மிகவும் கவர்வது 1986 நவம்பரில் நாசிக் ஜில்லாவின் சாந்த்வட் ஊரில் நடந்த பெண்கள் மகாநாடு. லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் அங்கே திரண்டனர் என்பர். கூலி வேலையையும் அடுப்பையும் கைக்குழந்தையையும் விட்டு வெளியூருக்கு இரண்டு நாள் வருவது கிராமத்துப் பெண்ணுக்கு எவ்வளவு அரிது என்பதை நம் சகோதரிகள் அறிவர்.

கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்ட இயக்கம், தன் வீட்டுக் கணக்கையும் பார்த்தே தீரவேண்டியிருந்தது. சர்க்கார் எங்கள் உழைப்புக்கு விலை தரவில்லை என்று முழங்கும் ஆண்மகன், தன் மனைவியின் உழைப்புக்கு என்ன தந்தான்? இந்தக் கேள்வி சாந்த்வட்டில் எழுந்தது. உள்ளூர்த் தேர்தல்களில் பெண்களே நிற்பது என்று பேசப்பட்டது. 1989-இல் சில கிராமங்களில் பெண்களே நிறைந்த பஞ்சாயத்துகள் அமைந்தன. பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கிய அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல்தான் அமலுக்கு வந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

அடுத்து வந்தது 'லட்சுமி முக்தி' என்னும் இயக்கம். குடும்ப நிலத்தில் ஒரு பகுதியைக் கணவன் தானே மனைவி பெயருக்கு எழுதிவைக்க வேண்டும். நூறு குடும்பங்கள் அப்படிச் செய்த கிராமத்துக்கு ஜோஷி நேரில் சென்று மரியாதை செலுத்துவார். சட்டம் போட்டு அன்று, தண்டனைக்கு அஞ்சியும் அன்று; மனம் இசைந்து எழுதிக்கொடுத்தனர்.

யவத்மாள் ஜில்லாவில் ராவேரி என்று ஒரு கிராமம். அங்கே இராமனும் இலக்குவனும் இல்லாமல் சீதைக்கு மட்டும் ஒரு கோயில் இருக்கிறது. காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை இந்த ஊரில் ஒரு பிடி கோதுமை கேட்டதாகவும், ஊரார் மறுத்ததாகவும், இங்கே கோதுமை விளையாது போகட்டும் என்று அவள் சபித்ததாகவும் ஊரார் கதை சொல்கிறார்கள். சிதைந்து கிடந்த அந்தக் கோயிலைப் புதுப்பிக்க ஜோஷி முன்னின்றார். அரசகுமாரிக்கே தனக்கென்று ஒரு காணி நிலம் இல்லாததால் ஒரு பிடி தானியத்துக்குக் கையேந்த நேர்ந்தது என்பதே அக்கதையில் அவர் கண்ட பொருள். இராமகாதை கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களில் இந்தப் பொருள் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

நகரத்தார் சொல்லும் மறுமொழி

இனி, நம் கட்சியையும் சொல்லத்தான் வேண்டும். நகரத்தில் வாழ்பவர் எல்லாரும் மாடி வீட்டுக்காரர் அல்லர். தாராவியில் குடிசையில் இருந்து கூலி வேலை செய்யும் தமிழனுக்கு, வெங்காயம் கிலோ பத்து ரூபாய் ஏறினாலும் அன்றைய குழம்பில் அது தெரியும். 1998-இல் தில்லியில் வெங்காய விலை வானளாவ ஏறியபோது ஏழை வீடுகள் பட்ட பாட்டை எவரும் பொய் என்று சொல்ல இயலாது. அவ்வாண்டு நடந்த தேர்தலில் தில்லி ஆட்சி மாறியதற்கு வெங்காயமே காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள். 1980-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலும் வெங்காய விலை மேடைப் பேச்சாயிற்று. ஏழை வயிற்றைக் காக்கச் சர்க்கார் ஏதும் செய்யக் கூடாது என்று சொல்வது கல்நெஞ்சர் பேச்சு.

ஆனால் எவர் செலவில் காப்பது என்பதே கேள்வி. பட்டணத்து ஏழைக்கு மலிவாக வெங்காயம் கொடுக்கச் சர்க்கார் விரும்பினால், சந்தை விலைக்கு வாங்கிப் பொக்கிஷத்திலிருந்து நஷ்டத்தை ஏற்கலாம். அப்போது செல்வரும் மத்தியதர வகுப்பாரும் வரி மூலம் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்வர். ஏற்றுமதியைத் தடுத்து விலையை வீழ்த்தும்போதோ, அச்சுமை முழுவதும் இரண்டு ஏக்கர் வெங்காயம் போட்டவன் தலையில் விழுகிறது. ஏழைக்குக் கிடைத்த சலுகை, காரில் வந்து வாங்குபவருக்கும் கிடைத்துவிடுகிறது. தருமம் செய்வது புண்ணியமே. பிறர் மடியிலிருந்து எடுத்துச் செய்வதைத் தருமம் என்று சொல்வதற்கில்லை.

இயக்கத்திலும் குறைகள் இல்லாமல் இல்லை. சந்தையைத் தன்போக்கில் விடு என்று கேட்டவர்களே, சந்தை விழுந்தபோது சர்க்கார் வாங்கவேண்டும் என்றும் கேட்டனர். மறியலால் சாலையில் அகப்பட்டுத் தவித்தவர்களும் குடிமக்களே. தேர்தல் அரசியலைத் தொடாதிருந்த ஜோஷி 1994-இல் 'ஸ்வதந்திர பாரத் பக்ஷ' என்று ஒரு கட்சி தொடங்கினார். கிளர்ச்சியில் லட்சக் கணக்காகத் திரண்டவர்கள் வாக்குச் சாவடியில் அவ்வாறு திரளவில்லை. அவர் 2004 முதல் 2010 வரை மாநிலங்கள் அவையில் அமர்ந்தார். 2004-இல் ராஜு ஷெட்டி தலைமையில் ஒரு பிரிவு 'ஸ்வாபிமானி' என்ற பெயரில் தனியே சென்றது. 2015 டிசம்பரில் ஜோஷி புணேயில் காலமானார்.

அவருக்குப் பின்னும் அதே கதை

அவர் மறைந்த பின்பும் அவர் கேட்ட கேள்வி மறையவில்லை. 2020-இல் மத்திய சர்க்கார் மூன்று விவசாயச் சட்டங்களைக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்று, வெங்காயம் முதலிய பண்டங்களைக் கையிருப்பு வரம்பிலிருந்து பெரும்பாலும் விடுவிப்பது. ஸங்கடனாவினர் அச்சட்டங்களை வரவேற்றனர். செப்டம்பர் 15-ஆம் தேதி மக்களவை அந்தத் திருத்தத்தை நிறைவேற்றியது. அதற்கு முந்திய நாள், செப்டம்பர் 14-ஆம் தேதி, அதே சர்க்கார் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது! வலக்கையால் விடுதலைப் பத்திரம் எழுதுகையில் இடக்கை விலங்கு பூட்டிற்று.

மறுபக்கம், பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் அதே சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பர் முதல் ஓராண்டுக்கு மேல் தில்லி எல்லைச் சாலைகளில் தங்கினர். கோதுமையையும் நெல்லையும் சர்க்கார் கொள்முதல் செய்யும் ஏற்பாடு நாளடைவில் கைநழுவிப் போகும் என்று அவர்கள் அஞ்சினர். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஒரு சாரார் வரவேற்றதை இன்னொரு சாரார் எதிர்த்தனரே என்று நாம் வியக்க வேண்டியதில்லை. கோதுமைக்காரனைச் சர்க்காரின் கை தாங்கி வந்தது. வெங்காயக்காரனை அதே கை அழுத்தி வந்தது. அவரவர் தோள் அறிந்ததை அவரவர் சொன்னார்கள். எங்களைக் கேளாமல் எங்கள் பிழைப்பைத் தீர்மானிக்காதீர்கள் என்ற ஒரு வாக்கியத்தில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபட்டனர்.

2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு நூற்றுக்கு நாற்பது வரி விதிக்கப்பட்டது. லாசல்காவ் முதலிய நாசிக் மண்டிகள் எதிர்ப்பாகக் கதவடைத்தன. டிசம்பர் 8-ஆம் தேதி ஏற்றுமதியே தடைசெய்யப்பட்டது. 2024 மே மாதம் தடை நீங்கியது. வரி குறைந்து, 2025 ஏப்ரல் முதல் தேதி முற்றிலும் ஒழிந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சாக்கண் சாலையில் கேட்ட கேள்வி, சாலை நான்கு தடமாக அகன்ற பின்னும் அங்கேயே நிற்கிறது.

நாம் செய்யத் தக்கது

நம் சங்கம் அரசியல் சங்கம் அன்று. எக்கட்சிக்கும் நாம் கொடி பிடிக்க வேண்டியதில்லை. ஆயினும் குடிமக்கள் என்ற முறையில் நமக்கு ஒரு பொறுப்பு உண்டு. அங்காடியில் விலை ஏறியதும், சர்க்கார் என்ன செய்கிறது என்று நாம் கேட்கிறோம். அந்தக் கேள்வி நம் வாயிலிருந்து புறப்பட்டு, தலைநகரில் உத்தரவாகி, நாசிக்கில் ஒரு கொட்டகையின் வாசலில் போய் விழுகிறது. அங்கே அழுகுவது வெங்காயம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பும் ஆகும். இதை அறிந்தபின், விலை ஏறும் மாதத்தில் கேட்கும் கேள்வியை விலை விழும் மாதத்திலும் கேட்கப் பழகுவோமாக.

நாம் வாழும் மாநிலத்து மக்களின் சுகதுக்கங்களை அறிவதும் நம் குடியேற்ற வாழ்வின் கடமைகளுள் ஒன்று. அவர்கள் மண்ணில் விளைந்ததை உண்டு வளர்கிறார்கள் நம் குழந்தைகள். அந்த மண்ணை உழுதவர் ஒருநாள் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, நமது பெயரிலும் ஒரு பற்று எழுதியிருக்கிறார்கள் என்பதை அக்குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது நலம்.